வெள்ளத்தில் மூழ்கியும் சாகாத கண்ணாடி ஊர்!

பாம்பன் கடற்கரையில் நின்று பாருங்கள்.

கடலில் ஒரு படகு போகிறது. அது மரப்படகு அல்ல. பைபர் படகு. கரையில் ஒரு பையன் செல்போனைத் தடவித் தடவிப் படம் பார்க்கிறான். பக்கத்து டீக்கடையில் சுடச்சுட டீயைக் கண்ணாடி கிளாசில் ஊற்றிக் கொடுக்கிறார்கள்.

படகு, செல்போன், டீ கிளாஸ். மூன்றும் வேறு வேறு. ஆனால் மூன்றிலும் ஒரே பொருள் இருக்கிறது. அது என்ன?

கண்ணாடி!

கண்ணாடி எதிலிருந்து வந்தது? நம் காலடியில் கிடக்கிறதே மணல், அதிலிருந்து வந்தது.

மணலை உருக்கிப் பேர் வாங்கிய ஓர் ஊர் அமெரிக்காவில் இருக்கிறது. அதன் பெயர் கார்னிங். அங்குள்ள கண்ணாடிக் கம்பெனிக்கும் அதே பெயர்தான். நம் தனுஷ்கோடியைப் போலவே அந்த ஊரும் ஒரு நாள் தண்ணீரில் மூழ்கியது. அதற்குப் பிறகு என்ன நடந்தது என்பதைப் பின்னால் பார்ப்போம்.

முதலில் நம் ஊர்க் கதை.

அழகன்குளத்து மணிகள்

ராமநாதபுரத்துக்குக் கிழக்கே, வைகை ஆறு கடலில் கலக்கும் இடத்துக்குப் பக்கத்தில் அழகன்குளம் என்ற ஊர் இருக்கிறது. இன்று அது ஒரு கிராமம். 2,000 ஆண்டுகளுக்கு முன் அது துறைமுகம்!

தமிழ்நாடு தொல்பொருள் ஆராய்ச்சித் துறையினர் 1980-களில் இருந்து பல தடவை அங்கே மண்ணைத் தோண்டினார்கள். என்னென்ன கிடைத்தன தெரியுமா? ரோமாபுரி நாணயங்கள். ரோமானியர்களின் மதுச் சாடித் துண்டுகள். கப்பல் படம் கீறிய ஒரு பானை ஓடு. இவற்றோடு சின்னச் சின்னக் கண்ணாடி மணிகள்.

கண்ணாடி மணி செய்வதில் அந்தக் காலத்துத் தமிழர்கள் கெட்டிக்காரர்கள். புதுச்சேரிக்குப் பக்கத்தில் உள்ள அரிக்கமேடு இதற்குப் பேர் பெற்ற இடம். அங்கே ஆயிரக்கணக்கான மணிகள் கிடைத்திருக்கின்றன.

எப்படிச் செய்தார்கள்? உருகிய கண்ணாடியை ஒரு பெரிய உருண்டையாகத் திரட்டினார்கள். உள்ளே துளை போட்டார்கள். சூடு ஆறுவதற்குள் அதை நீளமாக இழுத்தார்கள். ஜவ்வு மிட்டாய்க்காரர் மிட்டாயை இழுப்பார் அல்லவா? அதே மாதிரி! கண்ணாடி மெல்லிய குழாயாக நீண்டது. குழாயைத் துண்டு துண்டாக நறுக்கினார்கள். பிறகு சாம்பலோடு சேர்த்து மறுபடியும் சூடாக்கினார்கள். கூர் முனைகள் மழுங்கி உருண்டை மணிகள் ஆயின.

இந்த வகை மணிகள் தென்கிழக்கு ஆசியாவிலும் கிடைக்கின்றன. ஆப்பிரிக்காக் கரையிலும் கிடைக்கின்றன. அதனால் ஆராய்ச்சியாளர்கள் இவற்றுக்கு இரண்டு மாகடல்களின் பெயரையும் சேர்த்து வைத்து விட்டார்கள். "இந்தோ பசிபிக் மணி" என்பது அந்தப் பெயர்.

அப்படிப்பட்ட வித்தை பிறகு என்ன ஆயிற்று?

அது கைவித்தை. அப்பா மகனுக்குச் சொல்லிக் கொடுத்தார். மகன் தன் மகனுக்குச் சொன்னார். தொழில் செய்த குடும்பம் கலைந்தால் வித்தையும் கலைந்து போயிற்று. ஆந்திராவில் உள்ள பாப்பாநாயுடுபேட்டை என்ற ஊரில் மட்டும் அந்தப் பழைய முறை 20-ம் நூற்றாண்டின் கடைசி வரை உயிரோடு இருந்தது. வெளிநாட்டு ஆராய்ச்சியாளர்கள் அங்கே வந்து பார்த்து அதிசயித்தார்கள்.

உலகத்துக்கே கண்ணாடி மணி விற்ற கடற்கரை இது. பிறகு விளக்குச் சிம்னிக்குக்கூட வெளிநாட்டுச் சரக்கை எதிர்பார்க்கும் காலம் வந்தது.

மணல் எப்படிக் கண்ணாடி ஆகிறது?

வெறும் மணலை உருக்க வேண்டுமானால் சுமார் 1,700 டிகிரி சூடு வேண்டும். சாதாரண அடுப்பில் அது நடக்காது. ஆகவே மணலோடு சோடா உப்பைக் கலக்கிறார்கள். சோடா சேர்ந்தால் குறைந்த சூட்டிலேயே மணல் உருகி விடும்.

ஆனால் இதில் ஒரு சங்கடம். மணலும் சோடாவும் மட்டும் சேர்ந்த கண்ணாடி தண்ணீரில் கரையும்! அதைத் தடுக்கச் சுண்ணாம்பு சேர்க்கிறார்கள். மணல், சோடா, சுண்ணாம்பு ஆகிய மூன்றும் சேர்ந்ததுதான் நம் வீட்டு ஜன்னல் கண்ணாடி, பாட்டில், டீ கிளாஸ் எல்லாம்.

நம் கடற்கரையில் உமரிச் செடி வளர்வதைப் பார்த்திருப்பீர்கள். உப்பு நிலத்தில் வளரும் செடி அது. இந்த மாதிரிச் செடிகளை எரித்த சாம்பலில் சோடா உப்பு இருக்கும். பழைய காலத்தில் பல நாடுகளில் அந்தச் சாம்பலைத்தான் கண்ணாடிக்குப் பயன்படுத்தினார்கள். சிப்பியையும் சங்கையும் சுட்டால் சுண்ணாம்பு கிடைக்கிறது. மணலோ காலடியில் கிடக்கிறது!

ஆனால் எல்லா மணலும் எல்லாக் கண்ணாடிக்கும் உதவாது. மணலில் இரும்பு கலந்திருந்தால் கண்ணாடி பச்சை நிறம் அடிக்கும். தெளிந்த கண்ணாடிக்குச் சுத்தமான மணல் வேண்டும். எது எவ்வளவு என்ற கணக்கும் வேண்டும். அந்தக் கணக்கில்தான் தொழிலின் உயிர் இருக்கிறது.

ஆற்று வழியே வந்த தொழிற்சாலை

இனி அமெரிக்காவுக்குப் போவோம்.

அமோரி ஹாட்டன் என்பவர் ஒரு வியாபாரி. 1851-ம் ஆண்டு அவர் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் ஒரு கண்ணாடிக் கம்பெனியில் பணம் போட்டார். பிறகு நியூயார்க் நகரத்தை ஒட்டிய புரூக்ளினில் தொழில் நடத்தினார். அங்கே செலவு கட்டுப்படி ஆகவில்லை.

1868-ம் ஆண்டு அவர் ஒரு துணிச்சலான காரியம் செய்தார். தொழிற்சாலைச் சாமான்களைப் படகில் ஏற்றினார். ஆறும் கால்வாயுமாகக் கடந்து, நியூயார்க் மாநிலத்தின் உட்பகுதியில் உள்ள கார்னிங் என்ற சிற்றூரில் கொண்டுபோய் இறக்கினார். அங்கே ரெயில் பாதை இருந்தது. உலைக்கு வேண்டிய நிலக்கரியும் சுலபமாகக் கிடைத்தது.

ஊர் மாறினாலும் கஷ்டம் தீரவில்லை. இரண்டே ஆண்டுகளில் கம்பெனி நொடித்தது. ஹாட்டனின் மகன் அதை மறுபடியும் தூக்கி நிறுத்தினார். 1875-ம் ஆண்டு "கார்னிங் கிளாஸ் ஒர்க்ஸ்" என்று பெயர் சூட்டப்பட்டது.

1879-ம் ஆண்டு எடிசன் மின்சார விளக்கை எரிய வைத்தார். விளக்குக்குள் இருக்கும் இழை எரிந்து போகாமல் இருக்க, காற்று நீக்கிய கண்ணாடிக் குமிழ் வேண்டும். அந்தக் குமிழை ஊதிக் கொடுத்தவர்கள் கார்னிங் தொழிலாளர்கள்.

ஒவ்வொரு குமிழையும் வாயால் ஊத வேண்டும். இரும்புக் குழாயின் முனையில் உருகிய கண்ணாடி. மறுமுனையில் மனிதனின் வாய். உலைச் சூட்டில் நின்று மூச்சைப் பிடித்து ஊத வேண்டும். 1926-ம் ஆண்டு இந்த வேலைக்கு ஒரு இயந்திரம் வந்தது. பின்னால் அந்த வகை இயந்திரம் ஒரு நிமிடத்துக்கு ஆயிரத்துக்கும் மேற்பட்ட குமிழ்களை ஊதித் தள்ளியது. பல்பு விலை மலிந்தது. ஏழை வீட்டுக்கும் வெளிச்சம் வந்தது. ஆனால் ஊதும் தொழிலாளியின் கைத்திறமைக்கு இருந்த மதிப்பு குறைந்து போயிற்று.

மழை பட்டால் வெடிக்கும் விளக்கு!

ரெயில் பிரயாணிகளின் உயிர் ஒரு துண்டுக் கண்ணாடியில் இருந்த காலம் அது.

சிக்னல் விளக்குகளுக்குச் சிவப்பு, பச்சைக் கண்ணாடிகளைப் பல கம்பெனிகள் செய்தன. ஒரு கம்பெனியின் சிவப்பு ஒரு மாதிரி. இன்னொரு கம்பெனியின் சிவப்பு வேறு மாதிரி. இருட்டில், மழையில், ஓடும் ரெயிலில் இருந்து பார்க்கும் டிரைவர் என்ன செய்வார்? நிறத்தைத் தப்பாகப் புரிந்து கொண்டால் விபத்து!

கார்னிங் ஊருக்கே ரெயில் விபத்தின் வேதனை தெரியும். 1891-ம் ஆண்டு ஜூலை மாதம் ஓஹியோ மாநிலத்தில் ரவென்னா என்ற இடத்தில் ஒரு ரெயில் விபத்து நடந்தது. விடுமுறைக்கு வீடு திரும்பிக்கொண்டிருந்த கார்னிங் ஊர் இளம் கண்ணாடித் தொழிலாளர்கள் பலர் அதில் மாண்டார்கள்.

டாக்டர் வில்லியம் சர்ச்சில் என்ற விஞ்ஞானி நிறங்களைப் பற்றி ஆராய்ந்தார். எந்த நிறம் தூரத்தில் இருந்து பார்த்தாலும் ஏமாற்றாது என்று சோதித்தார். சிவப்பு என்றால் இந்தச் சிவப்புத்தான், பச்சை என்றால் இந்தப் பச்சைதான் என்று திட்டம் வகுத்தார். 1908-ம் ஆண்டு அமெரிக்க ரெயில்வே சிக்னல் சங்கம் அதை ஏற்றுக் கொண்டது.

இன்னொரு ஆபத்தும் இருந்தது. உள்ளே சுடர் எரிவதால் விளக்குக் கண்ணாடி கொதிக்கும். வெளியே சட்டென்று மழை அடிக்கும். அல்லது பனி விழும். "படார்" என்று கண்ணாடி வெடித்து விடும். விளக்கு அணைந்து விடும்.

கண்ணாடி ஏன் வெடிக்கிறது? சூடு பட்டால் கண்ணாடி விரியும். குளிர் பட்டால் சுருங்கும். உள்பக்கம் சூடு, வெளிப்பக்கம் குளிர். உள்பக்கம் விரியப் பார்க்கிறது. வெளிப்பக்கம் சுருங்கப் பார்க்கிறது. இரண்டு பக்கமும் இழுத்தால் நடுவில் கிழிய வேண்டியதுதானே!

அதே 1908-ம் ஆண்டு கார்னிங் கம்பெனி யூஜின் சல்லிவன் என்ற ரசாயன விஞ்ஞானியை வேலைக்கு வைத்து, சொந்தமாக ஒரு ஆராய்ச்சிச் சாலையைத் தொடங்கியது. "கண்ணாடிக் கம்பெனிக்கு விஞ்ஞானி எதற்கு?" என்று பலர் கேட்கக் கூடிய காலம் அது. சல்லிவனும் அவருடன் சேர்ந்த வில்லியம் டெய்லரும் வெடிக்காத கண்ணாடியைத் தேடினார்கள்.

ஜெர்மனியில் ஆட்டோ ஷாட் என்ற அறிஞர் ஏற்கனவே ஒரு வழி காட்டியிருந்தார். மணலோடு போரான் உப்பைச் சேர்த்தால் கண்ணாடி அதிகம் விரியாது என்பது அந்த வழி. கார்னிங் விஞ்ஞானிகளும் அதே வழியில் போய், சிக்னல் விளக்குக்கு ஏற்ற புதுக் கண்ணாடியைச் செய்தார்கள். மழை பட்டாலும் அது வெடிக்கவில்லை.

இங்கே ஒரு வேடிக்கை. கண்ணாடி உடையாததால் ரெயில்வேக்காரர்கள் திரும்பத் திரும்ப வாங்கவில்லை. வியாபாரம் படுத்து விட்டது! நல்ல சரக்கே கம்பெனிக்கு நஷ்டமாயிற்று. அந்தக் கண்ணாடியை வேறு எதற்குப் பயன்படுத்துவது?

வழி காட்டியவர் ஒரு குடும்பப் பெண்.

கேக் சுட்ட மனைவி

ஜெஸ்ஸி லிட்டில்டன் என்பவர் கார்னிங் கம்பெனி விஞ்ஞானி. அவருடைய மனைவி பெஸ்ஸி. 1913-ம் ஆண்டு ஒரு நாள், வீட்டில் இருந்த மண் பாத்திரம் அடுப்பில் விரிந்து விட்டது.

கணவர் தொழிற்சாலையில் இருந்து ஒரு கண்ணாடி பேட்டரி ஜாடியின் அடிப்பாகத்தை அறுத்துக் கொண்டு வந்தார். மனைவி அதில் மாவை ஊற்றி அடுப்புக்குள் வைத்தார். கண்ணாடி வெடிக்கவில்லை. கேக் நன்றாக வெந்தது. ஒட்டாமல் வந்தது. அதைவிட ஒரு வசதி, வேகிறதா கருகுகிறதா என்பதை வெளியில் இருந்தே பார்க்க முடிந்தது!

1915-ம் ஆண்டு "பைரெக்ஸ்" என்ற பெயரில் அந்தப் பாத்திரம் கடைக்கு வந்தது. அதில் 100-க்கு 80 பங்கு மணல் சத்து. சுமார் 13 பங்கு போரான் சத்து. சாதாரணக் கண்ணாடி விரியும் அளவில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் அது விரியும்.

அப்போது முதல் உலகப்போர் நடந்து கொண்டிருந்தது. ஜெர்மனியில் இருந்து ஆராய்ச்சிச் சாலைக் குழாய்களும் குடுவைகளும் வருவது நின்றது. பள்ளிக்கூடங்களும் ஆஸ்பத்திரிகளும் தவித்தன. அந்த இடத்தைப் பைரெக்ஸ் பிடித்துக் கொண்டது.

இந்தியாவுக்கு வந்தது

1962-ம் ஆண்டு கார்னிங் கம்பெனியின் கூட்டுறவோடு இந்தியாவில் ஒரு கம்பெனி தொடங்கப்பட்டது. அதுதான் "போரோசில்". பெயரிலேயே போரானும் இருக்கிறது, மணல் சத்தான சிலிக்காவும் இருக்கிறது! 1988-ம் ஆண்டு கார்னிங் தன் பங்குகளை இந்திய முதலாளிகளுக்கு விற்று விட்டது. அன்று முதல் அது முழுக்க இந்தியக் கைகளில் இருக்கிறது. பள்ளிக்கூட ஆராய்ச்சிச் சாலையில் உங்கள் பிள்ளைகள் பிடிக்கும் சோதனைக் குழாயில் இந்தப் பெயரைப் பார்க்கலாம்.

வீட்டில் கவனிக்க வேண்டியது

கடையில் விற்கும் எல்லாக் கண்ணாடியும் சூடு தாங்காது. இதைக் குடும்பத்தில் எல்லோரும் தெரிந்து கொள்ள வேண்டும்.

பிரிஜ்ஜில் இருந்து எடுத்த கண்ணாடிப் பாத்திரத்தில் கொதிக்கும் குழம்பை ஊற்றாதீர்கள். சூடான கண்ணாடியை ஈரத் தரையில் வைக்காதீர்கள். கீறல் விழுந்த கிளாசில் சூடான பால் ஊற்றிக் குழந்தைக்குக் கொடுக்காதீர்கள். கனமான கிளாஸ் பலமானது என்று நினைக்காதீர்கள். கனம் கூடினால் உள்ளும் புறமும் ஒரே நேரத்தில் சூடேறாது. ஆகவே கனமான சாதாரணக் கிளாஸ்தான் சுலபமாக விரிசல் விடும்.

பெயரை மட்டும் பார்த்தும் வாங்காதீர்கள். பைரெக்ஸ் பாத்திரத் தொழிலைக் கார்னிங் 1998-ம் ஆண்டு விற்று விட்டது. அதற்குப் பிறகு அமெரிக்காவில் அந்தப் பெயரில் செய்யப்படும் சமையல் பாத்திரம் பதப்படுத்திய சாதாரணக் கண்ணாடிதான். பெயர் அதே, சரக்கு வேறு! "போரோசிலிகேட்" என்று எழுதியிருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

20 டன் கண்ணாடித் தட்டு

வானத்து நட்சத்திரங்களைப் பார்க்க உலகத்திலேயே பெரிய தொலைநோக்கி ஒன்றை அமெரிக்கர்கள் கட்ட விரும்பினார்கள். அதற்கு 200 அங்குல அகலமுள்ள கண்ணாடி வட்டம் வேண்டும். எடை 20 டன்! அந்த வேலை கார்னிங்குக்கு வந்தது.

1934-ம் ஆண்டு மார்ச் மாதம் முதல் வட்டத்தை வார்த்தார்கள். அச்சுக்குள் இருந்த சில பகுதிகள் பெயர்ந்து மேலே மிதந்தன. வேலை கெட்டது. மனம் தளரவில்லை. டிசம்பர் மாதம் மறுபடியும் வார்த்தார்கள்.

இப்போது அதை மெல்ல மெல்ல ஆற வைக்க வேண்டும். அவசரப்பட்டால் விரிசல் விழும். சுமார் 10 மாதம் ஆற வைத்தார்கள்! நடுவில் 1935-ம் ஆண்டு ஜூலை மாதம் ஊரில் ஓடும் செமங் ஆற்றில் வெள்ளம் வந்து விட்டது. மின்சாரம் நின்றது. தொழிலாளர்கள் வெள்ளத்தில் நின்று மின்சாரக் கருவிகளை மேலே தூக்கிக் காப்பாற்றினார்கள். கண்ணாடி பிழைத்தது. 1936-ம் ஆண்டு ரெயிலில் ஏற்றி, அமெரிக்காவின் மறுகோடியில் உள்ள கலிபோர்னியாவுக்கு மெதுவாகக் கொண்டு போனார்கள். 1948-ம் ஆண்டு பாலோமர் மலையில் அந்தத் தொலைநோக்கி திறக்கப்பட்டது.

படகு ஆன கண்ணாடி

நம் மீனவர்களின் பைபர் படகுக்கும் இந்தக் கதைக்கும் என்ன தொடர்பு?

உருகிய கண்ணாடியை மிகச் சிறிய துளைகள் வழியாக இழுத்தால் நூலாக வரும். தலைமுடியைவிட மெல்லிய நூல்! கண்ணாடித் துண்டை வளைத்தால் உடையும். கண்ணாடி நூலை வளைத்தால் வளையும். அந்த நூலைப் பாயாகப் பின்னி, அச்சின் மேல் விரித்து, பிசின் பூசி, மேலே மேலே அடுக்கி இறுக விட்டால் படகு தயார். மரத்தைவிட இலேசு. தண்ணீரில் ஊறாது. புழு அரிக்காது.

கண்ணாடி நூல் தொழிலைப் பெரிய அளவில் நடத்த, ஓவன்ஸ் இல்லினாய் என்ற கம்பெனியும் கார்னிங்கும் சேர்ந்து 1938-ம் ஆண்டு ஒரு புதுக் கம்பெனியை அமைத்தன. அந்தத் தொழில் உலகமெங்கும் பரவியது. 2004-ம் ஆண்டு சுனாமிக்குப் பிறகு தமிழ்நாட்டுக் கரையில் பைபர் படகுகள் பெருகி விட்டன. இன்று நம் மீனவர் நம்பிக் கடலுக்குப் போவது கண்ணாடி நூலை!

பேச்சைக் கடத்தும் நூல்

1970-ம் ஆண்டு கார்னிங்கில் மவுரர், கெக், ஷுல்ட்ஸ் என்ற மூன்று விஞ்ஞானிகள் இன்னொரு விதமான கண்ணாடி நூலைச் செய்தார்கள். அதன் ஒரு முனையில் வெளிச்சத்தை விட்டால் ஒரு கிலோமீட்டர் தாண்டியும் வெளியே வரும். அதுவரை இருந்த கண்ணாடியில் வெளிச்சம் பாதி வழியிலேயே செத்துப் போகும். அவர்களுடைய நூலில் ஒரு கிலோமீட்டர் கடந்த பிறகும் 100-க்கு ஒரு பங்குக்கு மேல் வெளிச்சம் மிஞ்சியது. இன்றைய நூலில் 95 பங்கு மிஞ்சுகிறது!

வெளிச்சத்தைச் சிமிட்டிச் சிமிட்டிச் செய்தி அனுப்பலாம். பேச்சு, பாட்டு, படம் எல்லாம் அப்படித்தான் போகின்றன. 2006-ம் ஆண்டு தூத்துக்குடியில் இருந்து இலங்கைக்கு, மன்னார் வளைகுடாவின் அடியில் இந்த மாதிரிக் கண்ணாடி நூல் கேபிள் போடப்பட்டது. ஒரு காலத்தில் தனுஷ்கோடியில் இருந்து கப்பலில் போன கடிதம், இன்று கண்ணாடிக்குள் வெளிச்சமாகப் பறக்கிறது.

இந்த நூலை நம்பிக் கார்னிங் ஒரு தடவை விழவும் விழுந்தது. எல்லோரும் கேபிள் வாங்குவார்கள் என்று ஏராளமாகத் தொழிற்சாலை கட்டியது. 2001-ம் ஆண்டு வியாபாரம் சரிந்தது. 2000-ம் ஆண்டில் 100 டாலருக்கு மேல் விற்ற பங்கு, 2002-ம் ஆண்டில் 2 டாலருக்கும் கீழே போயிற்று. ஆயிரக்கணக்கானவர்களுக்கு வேலை போயிற்று.

அப்போது கைகொடுத்தது எது தெரியுமா? பழைய நோட்டுப் புத்தகம்!

1960-களில் கார்னிங் ஒரு பலமான கண்ணாடியைச் செய்து பார்த்தது. கண்ணாடியை உருகிய பொட்டாசியம் உப்பில் ஊற வைக்கும் முறை அது. கண்ணாடியின் மேல்பரப்பில் உள்ள சோடியம் அணுக்கள் வெளியேறும். அவற்றைவிடப் பெரிய பொட்டாசியம் அணுக்கள் அந்த இடத்தில் நெருக்கியடித்து உட்காரும். கூட்டமான பஸ்ஸில் யாரும் சாய முடியாதது போல, அந்தப் பரப்பில் சுலபமாகக் கீறல் விழாது. அன்று அந்தக் கண்ணாடிக்கு அதிகம் பேர் வரவில்லை. முறையை மூடி வைத்தார்கள். 2007-ம் ஆண்டு ஆப்பிள் கம்பெனித் தலைவர் ஸ்டீவ் ஜாப்ஸ் தம் புதிய செல்போனுக்குக் கீறல் விழாத கண்ணாடி கேட்டார். அந்தப் பழைய ஆராய்ச்சியைக் கையில் எடுத்துச் சில மாதங்களில் கொடுத்தார்கள். அதுதான் "கொரில்லா கண்ணாடி".

செல்போன் கண்ணாடித் தொழிற்சாலை ஒன்றை ஸ்ரீபெரும்புதூர் அருகே பிள்ளைப்பாக்கத்தில் சுமார் 1,000 கோடி ரூபாய் செலவில் அமைக்கப்போவதாக, கார்னிங் கூட்டுக் கம்பெனி 2024-ம் ஆண்டு ஜனவரி மாதம் அறிவித்தது.

இரண்டு ஊர், இரண்டு வெள்ளம்

இனி வெள்ளத்தின் கதை.

1964-ம் ஆண்டு டிசம்பர் 22-ந் தேதி இரவு. பெரும்புயல் தனுஷ்கோடியைத் தாக்கியது. பாம்பனில் இருந்து வந்த பாசஞ்சர் ரெயிலைக் கடல் அலை விழுங்கியது. அதில் இருந்த நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் மாண்டார்கள். ரெயில் நிலையம், தபால் ஆபீஸ், கோவில், மாதா கோவில், வீடுகள் எல்லாம் இடிந்தன. அது மக்கள் வாழத் தகுதி இல்லாத இடம் என்று அரசாங்கம் அறிவித்தது. ரெயில் மறுபடியும் அங்கே போகவில்லை.

பாம்பன் பாலமும் சேதம் அடைந்தது. ஆனால் அதைச் சீக்கிரமே சரி செய்து விட்டார்கள். 1914-ம் ஆண்டு திறந்த அந்தப் பாலம் 2022-ம் ஆண்டு வரை ரெயிலைச் சுமந்தது. கப்பலுக்கு வழி விடும் அதன் நடுப்பகுதி, செர்சர் என்ற அமெரிக்க இஞ்சினீயர் கண்டுபிடித்த முறை. 2025-ம் ஆண்டு ஏப்ரல் 6-ந் தேதி புதுப் பாலம் திறக்கப்பட்டது. பாம்பனில் காற்று மணிக்கு 58 கிலோமீட்டருக்கு மேல் அடித்தால் ரெயிலுக்குச் சிவப்பு விழும். ரெயில் நின்று விடும்.

கார்னிங் ஊருக்கு 1972-ம் ஆண்டு ஜூன் 23-ந் தேதி அந்தக் கதி வந்தது. "ஆக்னஸ்" என்ற புயலின் மழையால் செமங் ஆறு கரையை உடைத்தது. ஊர் மூழ்கியது. உயிர்ச்சேதம் நேர்ந்தது. தொழிற்சாலையில் சேறு. உலகப் புகழ் பெற்ற கண்ணாடி மியூசியத்தில் ஆள் கழுத்தளவு தண்ணீர். பழைய கண்ணாடிகள் உடைந்தன. நூல் நிலையத்துப் புத்தகங்கள் ஊறிப் போயின.

கம்பெனி ஊரை விட்டுப் போய்விடும் என்று மக்கள் பயந்தார்கள். போனால் ஊரே சுடுகாடு ஆகும். "போக மாட்டோம்" என்று கம்பெனித் தலைவர் உறுதி சொன்னார். தொழிலாளர்கள் சேற்றை வாரினார்கள். நனைந்த புத்தகங்களைப் பனிக்கட்டி அறையில் உறைய வைத்தார்கள். உறைந்தால் பூஞ்சை பிடிக்காது. பிறகு நிதானமாக உலர்த்திச் சரி செய்தார்கள். ஆகஸ்டு 1-ந் தேதி, அதாவது 39 நாளில், மியூசியத்தின் கதவு மறுபடியும் திறந்தது!

இரண்டு ஊரையும் அப்படியே ஒப்பிடுவது நியாயம் ஆகாது. தனுஷ்கோடி இரண்டு கடல்களுக்கு நடுவே கிடக்கும் மணல் திட்டு. கார்னிங் தரைப்பகுதி ஊர். அங்கே ஆற்றுக்குக் கரை கட்டலாம். கடலுக்குக் கரை கட்ட முடியுமா?

ஆனால் ஒன்றை மட்டும் ஒப்பிடலாம். சேறு வாரிய கையோடு அவர்கள் எதைக் காப்பாற்றினார்கள் என்று பாருங்கள். எழுதி வைத்த ஏட்டை! மண்ணை உருக்கிய பக்குவம், தப்பாகப் போன சோதனை, கெட்டுப் போன வார்ப்பு எல்லாமே அந்த ஊரில் எழுத்தில் இருந்தன. 1934-ம் ஆண்டு கெட்டுப்போன கண்ணாடி வட்டத்தைக்கூட அவர்கள் தூக்கி எறியவில்லை. மியூசியத்தில் நிறுத்தி வைத்திருக்கிறார்கள்.

மணல் அல்ல, மதி!

மணல் நமக்கும் இருக்கிறது. அதை அள்ளி விற்பது செல்வம் ஆகாது. மன்னார் வளைகுடாவில் 21 தீவுகள் இருந்தன. பவளப் பாறைகளை வெட்டி எடுத்ததால் அவற்றில் இரண்டு கடலுக்குள் போய் விட்டன. அள்ளியது தீர்ந்து விடும். அறிவு தீராது.

நம் கடற்கரையில் இன்றும் எத்தனையோ கைவித்தைகள் உண்டு. படகு கட்டும் மேஸ்திரிக்கு எந்த மரம் எந்த வளைவுக்கு ஆகும் என்று தெரியும். மீன் பிடிக்கும் பெரியவருக்கு எந்தக் காற்றில் எந்த மீன் வரும் என்று தெரியும். பாசி எடுக்கும் பெண்களுக்கு எந்தப் பாறையில் எந்தப் பாசி, எத்தனை மாதத்தில் மறுபடி முளைக்கும் என்று தெரியும். இவை எல்லாம் வாயில்தான் இருக்கின்றன. ஏட்டில் இல்லை.

புதிதாக எழுதப் படிக்கக் கற்றவர்கள் இன்று எத்தனையோ வீட்டில் இருக்கிறார்கள். பள்ளிக்கூடம் போகும் பிள்ளை எல்லா வீட்டிலும் இருக்கிறது. தாத்தாவிடம் கேளுங்கள். பாட்டியிடம் கேளுங்கள். அவர்கள் சொல்வதை ஒரு நோட்டில் தேதி போட்டு எழுதுங்கள். சரியாக வந்ததை எழுதுங்கள். தப்பாகப் போனதையும் எழுதுங்கள்.

அழகன்குளத்து மணியை வார்த்தவர் யார் என்று இன்று நமக்குத் தெரியாது. அவர் பெயரும் போயிற்று, பக்குவமும் போயிற்று. மணி மட்டும் மண்ணுக்குள் மின்னிக்கொண்டு கிடந்தது.